கையெழுத்து போட்டவரு வீட்டைப் பாத்தாரா?

வெள்ளிக்கிழமை அந்த வீடியோவைப் பாத்ததுல இருந்து மனசே சரியில்லைங்க. எந்த வீடியோன்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருசமா ஊருக்கெல்லாம் வயரிங் பண்ணுன மனுசனை ஆபீஸ்ல பத்துப் பேரு நடுவுல நிக்க வச்சு, "லைசென்ஸ் இல்லாத கள்ள வயர்மேன்"னு சொல்லி, அதைப் படம் வேற புடிச்சுப் போட்டிருக்கறீங்க. கீழ சிரிச்சு வச்சிருக்கறவங்கள்ல எத்தனை பேரு வீட்டுல அந்த மாமா கைவேலையில லைட்டு எரியுதுன்னு எனக்குத் தெரியும்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. வயரிங் சரியா இருக்குதுன்னு குடுக்கற டெஸ்ட் ரிப்போர்ட்டுல கையெழுத்து போட்ட கான்ட்ராக்டரு வீட்டைப் பாத்தாரா?

சட்டம் தெரியாமப் பேசலைங்க. பல்பு, பேன், பீஸ், சுவிட்ச் மாத்தற மாதிரி சின்ன வேலை போக, மத்த வயரிங்கை லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டருதான் எடுக்கணும், தகுதிச் சான்றிதழ் உள்ளவரு மேற்பார்வை பாக்கணும்னு 1956-ம் வருச இந்திய மின்சார விதிகள்லயே இருக்குது, 45-வது விதி. 2010-லயும் 2023-லயும் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த ஒழுங்குமுறைகள்லயும் அது தொடருது. விதி மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. மேற்பார்வைன்னு எழுதியிருக்குது பாருங்க, அது எங்க நடக்குது? வேலை செய்யறது ஒருத்தரு, கையெழுத்துக்குக் காசு வாங்கறது இன்னொருத்தரு. கடைசியில கள்ளன்னு பேரு வாங்கறது வேலை செஞ்சவரு.

எங்கப்பாவுக்கும் இதே தொழில்தான். சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவுல தறிக்குடோனு, தோட்டத்துச் சாளை, கெணத்து மோட்டாருன்னு அவரு கைபடாத எடம் கம்மி. மெயினை ஆப் பண்ணுன கையோட, பீஸ் ஒயரு மாட்டியிருக்கற பீஸ் கேரியரைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்குவாரு, தெரியாம யாராச்சும் மெயினைப் போட்டுறக் கூடாதுன்னு. அப்பறமும் நம்ப மாட்டாரு. ஹோல்டர்ல ரெண்டு ஒயரு மாட்டுன டெஸ்ட் லேம்பை வச்சு, பல்பு எரியலைன்னு கண்ணால கண்டாத்தான் கை வைப்பாரு. எர்த்துக்கு ஆளுயரக் குழி வெட்டச் சொல்லி, கரியும் உப்பும் மாத்தி மாத்திக் கொட்டறப்ப வீட்டுக்காரங்க செலவைச் சொல்லிச் சண்டைக்கு வருவாங்க. "எர்த்து இல்லாம நான் லைன் குடுக்க மாட்டனுங்க, வேற ஆளைப் பாத்துக்குங்க"ன்னு பையைத் தூக்கிட்டுக் கெளம்பிருவாரு.

அந்த வேலைக்கெல்லாம் கையெழுத்து போட்டவரு ஒரு தடவை கூட எங்கூருப் பக்கம் வந்ததில்லை. அப்பாதான் சைக்கிள்ல போவாரு. பாரத்தையும் காசையும் குடுத்துட்டு வாசல்லயே நிப்பாரு. உள்ள வந்து உக்காருப்பான்னு ஒரு நாளும் சொன்னதில்லை. நான் சைக்கிள் கேரியர்ல உக்காந்து கூடப் போனவன். அந்தத் திண்ணை இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

ஷாக் அடிச்சு உசுரு போனா யாரு பொறுப்புன்னு கேப்பீங்க. கேக்கணும். நியூட்ரலையும் எர்த்தையும் ஒண்ணா முறுக்கி வச்சுட்டுப் போற அரைகுறை ஆளுங்க இருக்கறாங்க, அவங்களைத் தடுத்தே ஆகணும். ஆனா அவங்களுக்கும் அதே காசுக்கு அதே கையெழுத்துதானுங்களே கெடைக்குது! கரண்டு கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்குதான்னு பாத்து, அதுல டெஸ்ட் பட்டனை ஒருக்கா அமுக்க ஒரு நிமிசம் ஆகுமா? அந்த ஒரு நிமிசம் வந்து நின்னிருந்தா நான் இந்தப் பதிவே போட்டிருக்க மாட்டேன்.

பரீட்சை எழுத வேண்டியதுதானேன்னு ஒருத்தரு கேட்டிருக்கறாரு. மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்குது. 21 வயசு ஆகியிருக்கணும், 5 வருசம் வயரிங் அனுபவம் வேணும், மேல்வயசு வரம்பு கெடையாது. அம்பது வயசுல எங்கப்பா விசாரிக்கப் போனாரு. அனுபவத்துக்கு எழுதி வாங்கிட்டு வாங்கன்னாங்க. யாருகிட்ட வாங்கறது? இத்தனை வருசம் கையெழுத்து வித்தவருகிட்டத்தான். இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சு, அவரு எழுதியே தரலை. எப்படித் தருவாரு? தந்தா வர்ற காசு நின்னு போயிருமே. அப்படியே பாஸ் ஆயிருந்தாலும் உதவியாளருதான், தன் பேருல வேலை எடுக்க முடியாது.

உனக்குத்தான் லைசென்ஸ் இருக்குதே, உனக்கென்ன வந்துச்சுங்கறாங்க. இருக்குதுங்க. ரெண்டு வருசம் ஐடிஐ படிச்சு வயர்மேன் சான்றிதழ் வாங்குனேன். அந்தப் படிப்புக்குப் பீசு கட்டுனது, நீங்க கள்ளன்னு சொல்ற அதே வேலையில வந்த காசு. ஒயரு இன்சுலேசனைச் சோதிக்கற மெக்கர் கருவியைப் பாக்க ஐடிஐல கத்துக்கிட்டேன். பீஸ் கேரியரைப் பையில போட்டுக்கன்னு அங்க யாரும் சொல்லித் தரலை.

அவிநாசி ரோட்டுல பத்துக் கிலோமீட்டர் பாலத்துக்கு ஜி.டி.நாயுடு பேரு வச்சிருக்குது. 1937-ல கோயமுத்தூர்ல மோட்டார் செஞ்ச அவரு பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவரு. அவரைச் சொல்லிப் பெருமைப்படறோம். ராத்திரி ரெண்டு மணிக்குத் தோட்டத்து மோட்டாரு நின்னா டார்ச்சைத் தூக்கிட்டு ஓடி வர்ற மனுசனை மட்டும் நடு ஆபீஸ்ல நிக்க வச்சுக் கேவலப்படுத்துவீங்களா?

மாமா வீட்டு ஆளுங்க யாராச்சும் இதைப் படிச்சா எனக்குப் போன் பண்ணுங்க. அந்த உதவியாளர் தேர்வுக்கு விண்ணப்பத்தை நானே எழுதித் தர்றேன், அதைக் குடுக்க ஐடிஐக்கும் கூட வர்றேன்.

வீடியோ போட்ட தம்பி, அதை இன்னைக்கே அழிச்சிரு. அவரு பேத்தி ஒம்பதாவது படிக்குது. அது கையிலயும் போன் இருக்குது.