ஹிண்டன்பர்க்கை விடுங்கள், போல்ட்டைப் பாருங்கள்

ஐதரசன் எரிபொருள் என்று யாராவது வாய் திறந்தால் போதும், உடனே ஒருவர் வந்து ஹிண்டன்பர்க் படத்தைப் போட்டுவிட்டுப் போவார். 1937 மே 6, நியூஜேர்சியில் லேக்ஹர்ஸ்ட், ஐதரசன் நிரப்பிய ஆகாயக் கப்பல் எரிந்து விழும் காட்சி, தரையில் நின்ற ஒருவரோடு சேர்த்து 36 பேர் பலி. படம் பயங்கரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கப்பலில் இருந்த 97 பேரில் 62 பேர் உயிர் தப்பினார்கள் என்பதைப் படத்தோடு சேர்த்து ஒருவரும் எழுதுவதில்லை.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. "எரிந்தால் தண்ணீர்தானே வரும், இதைவிடச் சுத்தம் எது?" என்று கேட்பவர்கள். 2023இல் இலங்கைக்கென்று ஐதரசன் வழிவரைபடம் வெளியான பிறகு இவர்களுக்குக் கால் நிலத்தில் படுவதில்லை. மன்னார்க் காற்று, பூநகரி வெயில், அதில் ஐதரசன், அதைக் கப்பலில் ஏற்றி டொலர்!

உயர்தர மாணவருக்கு இரசாயனம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இரண்டு பகுதியோடும் கொழுவல்தான். ஐதரசன் வெடித்த இடங்களின் விசாரணை முடிவுகளை எடுத்து வாசித்துப் பாருங்கள். இறுக்காமல் விட்ட போல்ட், காசு மிச்சம் பிடிக்கப் பூட்டாமல் விட்ட கருவி, "அது ஒன்றுமில்லை" என்று தட்டிக் கழித்த முறைப்பாடு, இப்படியானவைதான் அகப்படும். இந்தச் சில்லறை வேலைகளை ஒழுங்காகச் செய்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. இல்லை என்பதுதான் என் பதிலும்.

நோர்வேயில் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் சான்விகா என்ற இடம். 2019 ஜூன் 10ஆம் திகதி அங்கே ஐதரசன் நிரப்பும் நிலையம் ஒன்று வெடித்தது. உயர் அமுக்கத் தாங்கியின் அடைப்பு ஒன்றில் உள்பக்கத்து போல்ட்டுகள் போதிய முறுக்கில் இறுக்கப்பட்டிருக்கவில்லை. வாயு கசிந்தது, காற்றோடு கலந்தது, பற்றியது. வேடிக்கை என்னவென்றால், காயப்பட்ட இருவரும் நெருப்பால் காயப்படவில்லை. அந்த அதிர்ச்சியில் பக்கத்தில் நின்ற காரின் ஏயர்பாக் விரிந்து அடித்ததில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த மாதம் முடிவதற்குள்ளேயே நிலையத்தின் கருவிகளைச் செய்த கம்பனி காரணத்தை வெளியில் சொல்லிவிட்டது. எந்த போல்ட், ஏன் தளர்வு என்பது வரை.

அதற்குப் பதினெட்டு நாளுக்கு முன், மே 23, தென்கொரியாவின் கங்நுங் நகரம். இதை எங்கள் ஆட்கள் கவனித்து வாசிக்க வேண்டும், ஏனென்றால் நாங்கள் காணும் கனவின் அசல் படிவம் அது. சூரிய மின்சாரத்தால் தண்ணீரை மின்பகுத்து, அதாவது ஐதரசனும் ஒட்சிசனுமாகப் பிரித்து, வந்த ஐதரசனைத் தாங்கியில் சேர்த்து வைக்கும் ஆய்வுத் திட்டம். தாங்கிகள் ஒவ்வொன்றும் 40 கனமீற்றர். வெடித்ததில் இருவர் இறந்தார்கள், ஆறு பேர் காயம். சுற்றிப் பார்க்க வந்தவர்களும் அதற்குள் அகப்பட்டார்கள்.

என்ன நடந்தது? மின்பகுப்புக் கருவிக்குள் ஒரு பக்கம் ஐதரசன், மறுபக்கம் ஒட்சிசன், நடுவில் ஒரு மென்சவ்வு. அந்தச் சவ்வினூடாகக் கொஞ்ச வாயு எப்போதும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போய்வரும். கருவி முழு வலுவில் ஓடும்போது உற்பத்தி அதிகம், அதனால் இந்தக் கலப்பு ஒரு பொருட்டில்லை. மேகம் மூடி மின்சாரம் குறைந்தால் உற்பத்தியும் படுத்துவிடும், ஆனால் கசிவு அப்படியே இருக்கும். அப்போது ஐதரசனுக்குள் ஒட்சிசனின் பங்கு ஏறும். ஏறக்குறைய 6 சதவீதத்தைத் தாண்டினால் அது வெடிக்கத்தக்க கலவை. அங்கே கருவியைக் குறைந்த வலுவில் ஓட்டியிருக்கிறார்கள். ஒட்சிசனை நீக்கும் கருவி பூட்டப்படவில்லை. பொறி உண்டாக்கும் நிலைமின்னை அகற்றும் ஏற்பாடும் இல்லை. ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் சோதனைக் குழாய் வாயில் எரியும் குச்சியைப் பிடித்து "பொப்" என்ற சத்தம் கேட்டுச் சிரித்தோமே, அதே தாக்கம்தான். குழாய்க்குப் பதில் 40 கனமீற்றர்.

ஆய்வுகூடக் கதைகளும் இதே வழிதான். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் 2016 மார்ச்சில் ஐதரசன், ஒட்சிசன், காபனீரொட்சைட்டு மூன்றையும் ஒரே தாங்கியில் கலந்து பற்றீரியாவுக்குத் தீனி கொடுத்தார்கள். 49 லீற்றர் தாங்கி. வெடித்தபோது ஓர் ஆய்வாளர் கையை இழந்தார். அதற்கு முதல்நாள் சின்னத் தாங்கி ஒன்று உள்ளுக்குள் வெடித்துச் சத்தம் போட்டிருக்கிறது. பெரிய தாங்கியை அதற்குப் பிறகும் ஒருவரும் நிறுத்தவில்லை. 2018 டிசம்பரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஐதரசன் சிலிண்டர் வெடித்து ஓர் இளம் ஆய்வாளர் இறந்தார், மூவர் படுகாயம். 

இந்த வாயுவில் கண்ணும் மூக்கும் வேலை செய்யாது. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்தக் கலவையும் எரியும். பற்றவைக்க 0.02 மில்லியூல் போதும். பொலியெஸ்ரர் சட்டையைக் கழற்றும்போது சடசடக்கிற பொறியே அதற்கு அதிகம். சுவாலை பகல் வெளிச்சத்தில் தெரியாது. நாசாவில் ஒரு காலத்தில் கசிவைத் தேட, தும்புத்தடியை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார்களாம். தடியின் நுனி பற்றினால் நெருப்பு அங்கே. ரொக்கெற் விட்ட நாட்டிலும் கடைசியில் கை கொடுத்தது தும்புத்தடி!

மணத்தின் அருமை எங்களுக்கு நன்றாகத் தெரியும். 2021 கடைசியில் சமையல் வாயு அடுப்புகள் நாடு முழுக்க வெடித்தது மறந்திருக்காது. வாயுவின் கலவையை மாற்றியதுதான் பிரதான காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. அந்த நேரத்தில் கசிவைக் காட்டிக்கொடுக்கச் சேர்க்கும் மணமூட்டி போதாது என்று ஒரு கப்பல் வாயுவை இறக்கவும் விடவில்லை. ஐதரசனுக்கு அப்படி மணம் சேர்ப்பதும் கஷ்டம், ஐதரசனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலங்களை அது பழுதாக்கிவிடும். அப்போ உணரி கருவிதான் காவல். அதை மாதாமாதம் சோதித்து, திகதி போட்டு, கையெழுத்து வைக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளைத்தான் நான் எங்கள் ஊரில் தேடுகிறேன். பற்றறிக் கடைக்குப் போய்ப் பாருங்கள். ஓட்டோ பற்றறி, ட்ராக்டர் பற்றறி எல்லாம் வரிசையாகச் சார்ஜில் கிடக்கும், ஜன்னல் சாத்தியிருக்கும். சார்ஜ் நிறைகிற நேரம் உள்ளே கொதிப்பது போலக் குமிழி வரும், அது ஐதரசனும் ஒட்சிசனும். பெடியன் சார்ஜரை நிறுத்தாமலே கிளிப்பைப் பிடுங்குவான், பொறி பறக்கும். பெட்டி வெடித்தால் அசிட் முகத்துக்குத்தான் வரும். முதலில் சுவிட்ச், பிறகு கிளிப் என்று சொன்னால், "இவ்வளவு நாளும் ஒன்றும் நடக்கவில்லையே அண்ணை" என்பான்.

கோயில் திருவிழாவில் கச்சான் கடைக்குப் பக்கத்தில் பலூன்காரர். துருவேறிய இரும்புச் சிலிண்டருக்குள் அலுமினியத் துண்டும் கோஸ்ரிக் சோடாவும் தண்ணீரும் போட்டு ஐதரசன் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். சிலிண்டர் சூடேறும் என்று மேலே ஈரச் சாக்கு. அமுக்கமானி கிடையாது. சுற்றிக் குழந்தைகள், பக்கத்தில் ஒருவர் சிகரட்டோடு. அந்த மனிசனில் எனக்குக் கோபமில்லை, பிழைப்பு. அனுமதி கொடுத்தவர்கள் சிலிண்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை என்பதுதான் கோபம்.

ஆகவே ஐதரசன் வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. உரத் தொழிற்சாலைகளும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் காலங்காலமாக இதைக் கையாள்கின்றன. திறந்த வெளியில் கசிந்தால் சட்டென்று மேலே போய்விடும், கூரைக்குள் தேங்கினால்தான் வினை. ஆனால் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு போன்ற இடங்களுக்கு நாளை ஒருவர் ஐதரசன் திட்டத்தோடு வந்தால், எத்தனை கிலோவொற், எத்தனை பேருக்கு வேலை என்பதற்கு முன்னால் வேறு சிலவற்றைக் கேட்கச் சொல்கிறேன். மழைக்கால மேகத்தில் வலு குறைந்தால் கருவி தானாக நிற்குமா? ஒட்சிசன் அளவை யார் பார்ப்பார், எத்தனை மணிக்கொரு தரம்? ஏதாவது நடந்தால் அறிக்கை தமிழில் வெளியே வருமா, அல்லது கொழும்பில் ஒரு கோப்புக்குள் போய்விடுமா? குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஓடுகிறது. தீயணைப்பு வண்டி அதில் எப்படி ஏறும்?