பொரிகடலைப் பண்டிகை என்று சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்பது இங்கே என்னைப் பின்தொடரும் ஊர்க்காரர்கள் அனைவருக்கும் தெரியும். காணொளியும் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே முழுவதையும் திரும்ப எழுதப் போவதில்லை. "ஆயுத பூஜைக்குத் தனியாக வரி பிரிக்க வேண்டாம், அது வெறும் பொரிகடலைப் பண்டிகை, அந்தப் பணத்தையும் தீபாவளிக்கே சேர்த்து வாணவேடிக்கை வைத்துவிடலாம்" என்று ஒருவர் சொன்னார். அதையே கூட்டத்தின் முடிவாகவும் ஆக்கிவிட்டார்கள். சொன்னவரை விடுங்கள். அதைக் கேட்டுக் கைதட்டிய சத்தம்தான் என்னை இரண்டு இரவுகள் தூங்கவிடவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நம் இராமநாதபுரம் கரையின் உழைக்கும் வீடுகளுக்கு ஆயுத பூஜைதான் பெரிய பண்டிகை. தீபாவளிக்கு முன்னால் வந்து போகும் சிறு ஒத்திகையாக அதை நினைப்பவர்கள் இந்தக் கரையின் நாள்காட்டியைப் பார்க்காதவர்கள்.

இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ இருபது நாள்தான். வளர்பிறை நவமியில் ஆயுத பூஜை, அடுத்து வரும் தேய்பிறை சதுர்த்தசியில் தீபாவளி. 2022இல் அக்டோபர் 4, 24. 2023இல் அக்டோபர் 23, நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 11, 31. இருபது நாளில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள், வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித்தான் தொடங்குகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளில் அந்த இருபது நாளுக்குள்தான் நம் வீட்டு வருமானம் நிற்கிறது. உப்பளத்தில் பாத்தி கரைந்துவிடும். வாடை விழுந்துவிட்டால் வடகடல் கலங்கிவிடும். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்றால் படகுகள் கரையிலேயே கிடக்கும். இது என் கற்பனை அல்ல. உப்பளத் தொழிலாளர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இல்லை என்பதை ஏற்றுக்கொண்டுதான் 2022இல் அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது. மீனவர்களுக்கும் மீன்பிடி குறைந்த காலத்துக்கான உதவித்தொகை தனியாக இருக்கிறது. வருமானம் இல்லாத காலம் என்று அரசே ஒப்புக்கொண்ட நாள்களில் வருகிற தீபாவளியைத்தான் நம் ஊர் தன் பெரிய பண்டிகை என்கிறது. கையில் கடைசிக் கூலி இருக்கும்போது வருவது பொரிகடலைப் பண்டிகையாம்.

என் அம்மா இருபத்தாறு ஆண்டுகள் உப்பளத்துக்குப் போனவர். அப்பா படகு எஞ்சின் வேலை பார்த்தவர். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மாலையில் அப்பா ஸ்பானர்களையெல்லாம் மண்ணெண்ணெயில் போட்டு ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் துடைத்து, கோணிச் சாக்கின் மேல் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்குவார். அந்த வரிசையின் கடைசியில் அம்மாவின் உப்பு வாரும் பலகை நிற்கும். அம்மா அதை மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைப்பார். குடிக்கவே குடம் எண்ணிப் பிடிக்கும் எங்கள் தெருவில் மூன்று முறை. காய்ந்ததும் மரத்தின் ரேகைகளுக்குள்ளிருந்து உப்பு மறுபடியும் வெள்ளையாகப் பூத்து வெளியே வந்துவிடும். அதன்மேல் சந்தனம் நிற்காது, பொருக்குப் பொருக்காக உதிரும். ஆகவே அம்மா முதலில் நல்லெண்ணெயைத் தடவி, அது ஊறியதும் சந்தனத்தை வைத்து, அதன் நடுவில் கட்டைவிரலால் குங்குமத்தை அழுத்துவார். அப்படியும் காலையில் பார்த்தால் பொட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும். ஆண்டு முழுவதும் அம்மாவின் உள்ளங்கையை வெடிக்க வைத்த அந்தப் பலகைக்கு முன்னால் வாழையிலை போட்டுப் பொரி, பொட்டுக்கடலை, அவல், கருப்பட்டி வைத்துக் கும்பிடுவோம். அந்தப் பொரிக்கும் உப்புநீர் கலந்த அரிசியைத்தான் சூடான மணலில் வறுக்கிறார்கள். பொரிகடலைப் பண்டிகை என்று சிரித்தவருக்கு இதைத் தெரியப்படுத்த விரும்புகிறேன்.

தீபாவளியைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். நான் ஏழாம் வகுப்புப் படித்த ஆண்டு, அம்மா மாதம் மாதம் கட்டிய தீபாவளிச் சீட்டுப் பணத்தோடு சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டே போய்விட்டார். வெளியே ஐந்து நாள் விடாத மழை. வேலை இல்லை, கூலி இல்லை. அம்மா தன் கம்மலை அடகு வைத்து எனக்கும் தம்பிக்கும் துணி எடுத்தார். அந்தக் கம்மலை மீட்க அடுத்த சித்திரை ஆயிற்று. அதுவரை காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தார். யாரும் கேட்டால் "காது தூர்ந்திரக் கூடாதுல்ல" என்று மட்டும் சொல்வார். அந்த ஆண்டு எடுத்த பாவாடையின் நிறம் எனக்கு நினைவில்லை. அந்தக் குச்சி நினைவிருக்கிறது.

"அப்படியென்றால் நீ தீபாவளிக்கு எதிரியா?" என்று கீழே கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. விடியற்காலையில் உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிடும் அம்மாவின் கையை எந்தப் பிள்ளையும் மறக்காது. என் தலை தீபாவளிக்கு அப்பா சீர்த்தட்டோடு வந்து நின்றதை நானும் மறக்கவில்லை. பண்டிகையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதற்காக இன்னொன்றை விழுங்கச் சொல்லாதீர்கள் என்கிறேன். பட்டாசு இல்லாவிட்டால் பிள்ளைகள் அழுவார்கள் என்கிறீர்கள். பட்டாசை அவரவர் வீட்டில் வாங்கிக்கொள்ளலாம், அதற்குப் பட்டறைக்காரர் கொடுக்கும் வரிப்பணம் தேவையில்லை.

"நவராத்திரி நம் பண்டிகையே இல்லை, கொலு வைப்பவர்களின் பண்டிகை" என்று ஒரு தம்பி எனக்குத் தனியாக எழுதியிருந்தார். இந்த மாவட்டத்தில் பிறந்துவிட்டு அப்படி எழுதலாமா? இராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் இராஜராஜேஸ்வரி அம்மன் கோயிலுக்கு ஒரு முறை போய் வாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் மதுரைக்குப் போர் உதவி செய்த இராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்குத் திருமலை நாயக்கர் கொடுத்த மரியாதைகளில், மதுரையைப் போலவே நவராத்திரி கொண்டாடும் உரிமையும் ஒன்று என்பது சேது நாட்டு வரலாறு. சேதுபதிகளின் பெருவிழாவே அந்த ஒன்பது நாள்தான். அங்கிருந்த வாள்களும் ஈட்டிகளும் இன்று அரண்மனையின் இராமலிங்க விலாச அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருள்களாகிவிட்டன. அரசர்களின் கருவிகள் கண்ணாடிக்குள் போய்விட்டன. கும்பிடுவதற்கு இன்று மிஞ்சியிருப்பவை வலையும் ஸ்பானரும் தையல் எந்திரமும் ஆட்டோவும்தான். இதைவிட நம்முடையதாக ஒரு பண்டிகை எப்படி இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

மதத்தைக் காட்டி வாயடைக்க முயல்பவர்களுக்கும் ஒரு சொல். அப்பாவின் பட்டறைக்கு லோடு வண்டி கொண்டு வரும் ஏர்வாடி பாய் ஒருவர் இருந்தார். அவர் பொட்டு வைக்க மாட்டார், சூடத்தைத் தொட மாட்டார். ஆனால் அன்று வண்டியைக் கழுவி, டயர் வரை துடைத்துக் கொண்டு வந்து பட்டறை முன்னால் நிறுத்துவார். "மாமா, இன்னைக்கு வண்டிக்கும் லீவு" என்று சொல்லிப் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தே போவார். தீபாவளிக்கு அவர் வந்ததில்லை, வரவேண்டிய அவசியமும் இல்லை. தொழிலுக்கு மரியாதை செய்கிற நாளுக்கு அவரை யாரும் அழைக்கவும் இல்லை, அவராகவே வந்தார்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. அந்தக் காணொளியை நான் நான்கு முறை பார்த்தேன். கூட்டத்தில் ஒரு பெண்கூட இல்லை. உப்பு வாரியவர்கள், கருவாடு காயப்போட்டவர்கள், பனையோலைப் பெட்டி முடைந்தவர்கள் ஒருவரையும் கேட்காமல் அவர்களுடைய நாளை எடுத்து இன்னொரு நாளுக்குள் போட்டுவிட்டீர்கள். ஆயுதம் என்றவுடன் உங்களுக்கு எஞ்சினும் வண்டியும்தானே நினைவுக்கு வருகின்றன? அரிவாள்மனை ஆயுதம் இல்லையா? கருவாட்டுக் கத்தி ஆயுதம் இல்லையா? என் அம்மா அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. கொல்லைப்புறம் போய், சாய்த்து வைத்திருந்த பலகையை எடுத்துச் சுவரின் உள்பக்கம் வைத்துவிட்டு வந்தார். மழையில் நனையும் என்றார். அன்று மழை இல்லை.

கூட்டத்தின் முடிவை மாற்றச் சொல்லித் தலைவரிடம் நாளை எழுதிக் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட விரும்பும் அக்காமார், மதினிமார் காலை பத்து மணிக்குள் வீட்டுக்கு வாருங்கள். முடிவு மாறினாலும் மாறாவிட்டாலும், நாலு படி பொரிக்குக் கடையில் சொல்லி வைத்துவிட்டேன். நல்லெண்ணெயும் வாங்கியாயிற்று. பலகையை இந்த ஆண்டு வீட்டு வாசலில், தெருவைப் பார்த்து வைக்கப் போகிறோம்.