ஜன்னலோரத்தில் பழுப்பேறிய தண்ணீர்

ஆம்பூருக்கு அருகே ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுநீர் ஆய்வகத்தில் நான் வேலை பார்த்த நாட்களில், சாய டிரம்மிலிருந்து வடிந்த கருஞ்சிவப்பு நீரைக் காற்றில்லாத் தொட்டியின் சேற்றோடு கலந்து, இறுக மூடிய சீசாவில் வைத்தேன். மூன்றாம் நாள் சிவப்பு முழுதும் மறைந்து, நீர் வெளிறிய மஞ்சளாகத் தெளிந்திருந்தது. அந்த மகிழ்ச்சியில் அதை வடிகட்டி, திறந்த குடுவையில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் அது பழுப்பேறியிருந்தது. நுண்ணுயிர்களைக் கொண்டு சாயக்கழிவை நீக்குவதைப் பற்றி நான் இன்று சொல்லக்கூடியதெல்லாம் அந்தக் குடுவையிலிருந்து தொடங்குகிறது.

உலகில் புழங்கும் செயற்கைச் சாயங்களில் பாதிக்கும் மேற்பட்டவை அசோ வகையைச் சேர்ந்தவை. நம் தோல் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் அமிலச் சாயங்களில் பெரும்பாலானவையும் அவ்வகையே. இரண்டு நைட்ரஜன் அணுக்களை இணைக்கும் இரட்டைப் பிணைப்பைச் சார்ந்தே அவற்றின் நிறம் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள், உணவை எரித்துக் கிடைக்கும் எலக்ட்ரான்களை இறக்கிவைக்க இடம் தேடும்போது இந்தப் பிணைப்பில் இறக்குகின்றன. பிணைப்பு அறுந்து நிறம் போகிறது. ஆக்சிஜன் இருந்தால் அவை எலக்ட்ரானை அதனிடமே கொடுத்துவிடும், சாயத்தைத் தொடாது. வெறும் காற்றூட்டத் தொட்டியைக் கடந்து வரும் நீரில் நிறம் பெரும்பாலும் அப்படியே நிற்பதற்கு இதுவே காரணம்.

பிணைப்பு அறுந்தபின் எஞ்சுபவை அரோமாட்டிக் அமீன்கள், அதாவது கார்பன் வளையத்தில் நைட்ரஜன் தொகுதி ஒட்டிய சேர்மங்கள். அவற்றுள் சில காற்றுபட்டதும் தாமாக ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பாகும். என் குடுவையில் நடந்தது அதுதான் என்று பின்னர் புரிந்துகொண்டேன். பென்சிடின் போன்ற சில அமீன்கள் புற்றுநோய் உண்டாக்குபவை. ஆகவே காற்றில்லாத் தொட்டிக்கு அடுத்ததாகக் காற்றூட்டிய தொட்டி ஒன்று கட்டாயம் வேண்டும், அங்கே வேறு பாக்டீரியாக்கள் அந்த அமீன்களை உடைத்துத் தின்ன வேண்டும். சல்போனேற்றம் பெற்ற (கந்தகத் தொகுதி சேர்ந்த) அமீன்கள் அங்கும் எளிதில் மசிவதில்லை என்பதால், இரண்டாம் தொட்டிக்குப் போதிய நேரம் கொடுக்காமல் முதல் தொட்டியின் தெளிவைக் காட்டி வெற்றி என்று அறிவிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மரத்தை வெண்மையாக மக்கச் செய்யும் பூஞ்சைகளைப் பற்றி நம் கல்லூரி மாணவர்கள் ஆர்வத்தோடு எழுதுகிறார்கள். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினை உடைக்க அவை சுரக்கும் லாக்கேஸ், மாங்கனீசு பெராக்சிடேஸ் ஆகிய நொதிகள் சாயத்தையும் சிதைப்பது உண்மை. ஆனால் சுத்தமான நீரில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்துப் பெற்ற முடிவை வைத்து, உப்பும் சல்பைடும் எண்ணெயும் கலந்து வரும் வாணியம்பாடிக் கழிவுநீரைப் பற்றிப் பேச முடியாது. அங்கே பூஞ்சை வேர்பிடிப்பதற்குள் பாக்டீரியாக்கள் அதை மூடிவிடும். செத்த ஈஸ்ட், பாசி ஆகியவற்றின் மேல் சாயத்தை ஒட்டவைப்பதோ சாயத்தை அழிப்பதில்லை, நீரிலிருந்து கசடுக்கு இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவின் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்ததை அறிந்த நாம், கசடு எங்கே போகும் என்று கேட்காமல் இருக்கலாகாது.

தோல் கழிவில் சல்பேட் மிகுதி. காற்றில்லாத் தொட்டியில் அது ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். அந்த வாயு அசோ பிணைப்பை அறுக்கவும் உதவுகிறது, ஆளையும் கொல்கிறது. மூடிய தொட்டி, வாயுவை உறிஞ்சி நீக்கும் அமைப்பு, உள்ளே மனிதர் இறங்கவே தேவையில்லாத வடிவமைப்பு ஆகியவை இல்லாத இடத்தில் இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என்னை உறுத்துவது வேறொன்று. 1994இல் ஜெர்மனி, தீங்கான அமீன்களை வெளிவிடும் அசோ சாயங்களுக்குத் தடை கொண்டுவந்ததிலிருந்து, ஆம்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் தோலும் செருப்பும் அமீன் சோதனைக்கு உட்படுகின்றன. இங்கே தங்கிவிடும் தண்ணீரில் கரிமக் கழிவின் அளவைக் காட்டும் பி.ஓ.டி., சி.ஓ.டி., மற்றும் குரோமியம், சல்பைடு, கரைந்த உப்பு ஆகியவற்றை வழக்கமாகப் பார்க்கிறோம், அமீனைப் பார்ப்பதில்லை. அங்கே அந்தச் செருப்பை அணிபவரின் தோலுக்குக் காட்டும் கவனத்தை, இங்கே பாலாற்றங்கரைக் கிணற்றில் நீர் இறைப்பவருக்கும் காட்ட வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கை அல்ல.

‘மாசு செய்பவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கோட்பாட்டை 1996இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிய வழக்குகளுள் ஒன்று, தோல் தொழிற்சாலை மாசு குறித்த நம் வேலூர் வழக்கு. பாலாற்றைத் தோல் கழிவு மாசுபடுத்தியது பற்றி 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. சுத்திகரிப்பு நிலையங்களின் மாதாந்திர அறிக்கையில் மொத்த அமீன் அளவையும், அந்த நீரில் பச்சைப்பயறு முளைக்கிறதா என்ற எளிய சோதனையையும் சேர்க்க வேண்டும் என்று அத்தகைய குழுவிடம் எழுத்தில் கேட்க விரும்புகிறேன். இரண்டாவது சோதனைக்கு ஒரு தட்டும் வடிதாளும் கைப்பிடிப் பயறும் போதும், பள்ளி மாணவர்களே செய்யலாம். மனுவின் வரைவை எழுதத் தொடங்கியிருக்கிறேன். தங்கள் கிணற்று நீரைச் சோதித்த முடிவுகளை வைத்திருப்பவர்கள், எடுத்த நாளையும் இடத்தையும் குறித்து இங்கே பதிவிட்டால் அவற்றையும் இணைத்துக்கொள்வேன்.