மாட்டின் ஏப்பமும் துவர்ப்புத் தழையும்

"பூண்டு கொடுத்தால் மாடு விடும் மீத்தேன் பாதியாகிவிடும்" என்று ஒரு காணொளி. நேற்று மட்டும் மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் எழுதப் பொறுமையில்லை, இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

மீத்தேன் என்றதும் பலரும் மாட்டின் பின்பக்கத்தை நினைத்துச் சிரிக்கிறார்கள். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வருவது முன்பக்கமாகத்தான். அதுவும் சத்தமில்லாத ஏப்பம். வயிற்றிலிருந்து மேலேறும் வாயுவில் ஒரு பங்கு நுரையீரலுக்குள் போய் மூச்சோடு மூச்சாக வெளியேறிவிடுகிறது. சாதுவான மாடு கிடைத்தால் அதன் இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இருக்கும் குழியில் முஷ்டியை அழுத்தி ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தடவை உள்ளிருந்து ஏதோ மெதுவாகக் கையைத் தள்ளும். மாட்டின் முதல் வயிறான அசையூண் வயிறு புரள்கிறது.

அது ஒரு நொதித்தொட்டி. நார் நொதிக்கும்போது ஹைட்ரஜன் வரும். அது தேங்கினால் நொதித்தல் மந்தமாகிவிடும். உள்ளே வாழும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்கித் தள்ளிவிடுகின்றன. மாட்டுக்கு அது துப்புரவு வேலை. பூமிக்கோ, 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும் சரக்கு. தின்ற தீவனத்தின் ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படி ஏப்பமாகப் போகிறது. மாடு வைத்திருப்பவருக்கும் இது நஷ்டம்தான்.

இந்த மீத்தேனைக் குறைக்கத்தான் தாவரச் சத்துகள் வருகின்றன. சோப்புபோல் நுரைக்கும் சபோனின், தொட்டிக்குள் இருக்கும் புரோட்டோசோவா என்ற ஒற்றைச் செல் உயிரிகளைக் கொல்கிறது. ஆர்க்கியாக்களில் ஒரு கூட்டம் அவற்றின் மேலேயே குடியிருப்பதால் அதுவும் குறைகிறது. ஆனால் சில வாரங்களில் மற்ற நுண்ணுயிர்கள் சபோனினையே சிதைக்கப் பழகிவிடும். பூண்டு, ஓமம் வகை எண்ணெய்களும் கொஞ்சம் வேலை செய்யும். அஸ்பராகாப்சிஸ் என்ற கடல்பாசி, சில சோதனைகளில் மீத்தேனை 80 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டியது. அதில் வேலை செய்வது புரோமோஃபார்ம் என்ற வேதிப்பொருள். அந்தப் பொருளுக்குப் புற்றுநோய்ச் சந்தேகமும் ஓசோனைக் கெடுக்கும் பழியும் உண்டு.

என் ஓட்டு டானினுக்கு. காயைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் அந்தத் துவர்ப்புதான். எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறண்டுபோகிறது. கருவேலம்பட்டை தோலைப் பதப்படுத்துவதும் இதே குணத்தால்தான். மாட்டு வயிற்றில் அது தீவனப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, நுண்ணுயிர்கள் வீணாக்காமல் குடலுக்கு அனுப்புகிறது. கூடவே மீத்தேனும் குறையும். குதிரைமசால் தின்று வயிறு உப்பும் தொல்லைக்கும் நல்லது. அளவு மீறினால் எல்லாம் தலைகீழ்: தீவனத்தின் உலர் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் மாடு வாய் வைக்காது, வைத்தாலும் செரிக்காது.

காணொளியின் "பாதி" எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. வயிற்று நீரைக் குழாயில் எடுத்து, மருந்தைக் கலந்து, 24 மணி நேரம் கழித்து வாயுவை அளப்பார்கள். அதில் 50 சதவீதம் வருவது பெரிய காரியமில்லை. அதே விகிதத்தில் மாட்டுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் சில நேரம் கூடை கூடையாகக் கொட்ட வேண்டியிருக்கும். உயிருள்ள மாட்டை அறையில் அடைத்து மூச்சை அளந்தால் எண்ணிக்கை இறங்கிவிடும். சில நேரம் மீத்தேன் குறைந்ததற்குக் காரணமே மாடு குறைவாகத் தின்றதுதான்! பட்டினி போட்டாலும் குறையும், ஐயா.

அப்புறம் சூபாபுல். புரதமும் டானினும் உள்ள அருமையான தழை. கூடவே மைமோசின் என்ற நஞ்சும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இதைத் தின்ற மாடுகள் முடி கொட்டி வாடின. ஹவாயில் ஆடுகள் அதையே தின்று கொழுகொழுவென்று இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் அதைக் கவனித்தார். நஞ்சை முறிக்கும் பாக்டீரியா அந்த ஆடுகளின் வயிற்றில் இருந்தது. 1980களில் அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்கு ஏற்றினார்கள், பிரச்சினை பெருமளவு அடங்கியது. 1992இல் அந்தப் பாக்டீரியாவுக்குப் பெயர் வைத்தபோது அவர் பெயரையே ஒட்டி சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்றார்கள். ஒரு தழையை இன்னொரு மந்தைக்குக் கொண்டுபோகும்போது அந்த மந்தையின் வயிற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

பொட்டலத்தில் அடைத்த தாவரச் சாறு, தொழுவத்தில் கட்டி வைத்துத் தினமும் தீவனம் கலந்து போடுபவருக்குச் சரி. நாள் முழுக்க மேயும் மந்தைக்கு யார் ஸ்பூனில் அளந்து கொடுப்பது? அங்கே வேலியோரம் வளர்க்கிற தழைமரம்தான் நடக்கிற வழி. மாடு வளர்ப்பவர் வானிலை மாற்றத்துக்காகச் செலவழிக்க மாட்டார், எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பால் கூடும், உப்புசம் குறையும் என்றால் நாளைக்கே நடுவார்.

காணொளி அனுப்பிய மூவரில் ஒருவர் கறவை மாடு வைத்திருப்பவர். அவருக்கு மட்டும்: பூண்டைக் கொட்டிவிடாதீர்கள், பாலில் வாடை அடிக்கும். வெறும் வைக்கோலோடு நிறுத்தாமல் பசுந்தழை சேருங்கள். சூபாபுல் என்றால் முதல் வாரம் ஒரு கைப்பிடி போதும்.