அளவு நோட்டுல தெரியுற வயசு

போன வெள்ளிக்கிழமை ஒரு தங்கச்சி ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்துச்சு. நாப்பத்தாறு வயசு. "அக்கா, உங்களுக்கு அம்பத்தஞ்சுன்னா யாரும் நம்ப மாட்டாங்க, மூஞ்சிக்கு என்ன போடுறீங்க?"ன்னு கேட்டுச்சு. திங்கக்கிழமை கல்யாணம், ஞாயித்துக்கிழமைக்குள்ள ஜாக்கெட் வேணும், அதுக்காகச் சொன்ன பேச்சுன்னு எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தக் கேள்வி மனசுல நின்னுடுச்சு. என் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் எப்பவாவது ஒரு நாள் இதைக் கேட்டிருக்காங்க. எல்லாரும் மூஞ்சிக்குத்தான் கேக்குறாங்க. முதுகுக்கு என்னக்கா செய்யுறீங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

கும்பகோணத்துல முப்பது வருஷமா ஜாக்கெட் தைக்கிறேன். ஆளுக்கு ஒரு பக்கம்னு அளவு நோட்டு வச்சிருக்கேன், தேதியோட. அளவு ஜாக்கெட் கொண்டு வந்தாலும் நான் டேப் பிடிச்சு ஒரு தடவை எடுத்துக்குவேன். பழைய நோட்டெல்லாம் அட்டை பிஞ்சு பீரோவுக்குள்ள கிடக்கு. சில பேரோட அளவு முதல் நோட்டுல இருந்து இன்னைக்கு எழுதுற நோட்டு வரைக்கும் வருது. ஒரு பொம்பளைக்கு எப்படி வயசாகுதுன்னு இஞ்ச் கணக்குல அதுல இருக்கு. சுற்றளவு கூடுறதைச் சொல்லலை. அது முதல் பிள்ளை பிறந்ததுமே கூடிடும், அதுக்குத்தான் உள்ள தையலுக்குத் துணி விட்டு வைக்கிறோம்.

நோட்டுல முதல்ல மாறுறது ஊக்கு.

பின் ஊக்கு வச்சுத் தைச்சுக்கிட்டு இருந்தவங்க ஒரு நாள், "இனிமே முன்னாடியே வச்சுடுங்க"ன்னுவாங்க. ஏன்னு கேட்டா, "கை பின்னாடி போக மாட்டேங்குது". தோள்பட்டை இறுகிப்போறது பெரும்பாலும் நாப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவுல வர்ற தொல்லை. ஆம்பளைங்களை விடப் பொம்பளைங்களுக்கு அதிகம், சுகர் இருக்கிறவங்களுக்கு இன்னும் அதிகம். இது எனக்கு டாக்டர் சொல்லித் தெரிஞ்சது. அதுக்கப்புறம் ஊக்கை மாத்தச் சொல்ற ஒவ்வொருத்தர்கிட்டயும், "சுகர் பாத்தீங்களா?"ன்னு கேட்டுடுறேன். ரெண்டு பேர் போய்ப் பாத்து, இருக்குன்னு தெரிஞ்சு வந்து சொன்னாங்க. ஜாக்கெட் தைக்கிறவ கேக்குற கேள்வியா இதுன்னு முறைச்சவங்களும் உண்டு.

ரெண்டாவது உயரம். சின்ன வயசுல முன் உயரம் பின் உயரத்தை விட அரை இஞ்ச் கூட இருக்கும், மார்புக்கு அவ்வளவு துணி வேணும். ஒரு வாடிக்கைக்காரம்மாவுக்கு 1998ல பின் உயரம் 14, முன் உயரம் பதினாலரைன்னு எழுதியிருக்கேன். போன வருஷம் அதே அம்மாவுக்குப் பின் 15, முன் பதிமூணரை. துணி அதேதான், ஆள்தான் முன்னாடி வளைஞ்சுட்டாங்க. இடையில நாலஞ்சு வருஷம், "கழுத்துகிட்ட தொங்குது, உன் தையல் முன்ன மாதிரி இல்லை"ன்னு என்னைத் திட்டிக்கிட்டே இருந்தாங்க. நானும் என் கையிலதான் கோளாறுன்னு நினைச்சு பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேன்.

மாதவிலக்கு நிக்கிறது நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு நாப்பத்தாறு, நாப்பத்தேழுலயே ஆரம்பிச்சுடுது. அது நின்ன பிறகு எலும்பு வேகமாத் தேயும். முதுகெலும்புக் கட்டைங்க மெலிஞ்சு அழுந்தினா ஆள் குட்டையாகி வளையுறாங்க. முதுகைத் தூக்கிப் பிடிக்கிற தசையும் சேந்து தளர்ந்து போகுது. தசை குறையுறது முப்பது வயசுலயே தொடங்கிடுதாம். பத்து வருஷத்துக்கு 3ல இருந்து 8 சதவீதம் வரைக்கும், அறுபது தாண்டினா இன்னும் வேகமா. இந்தக் கூன் விழுந்த பிறகு மூஞ்சி எவ்வளவு பளபளன்னு இருந்தாலும், ரோட்ல பின்னாடி வர்றவன் பாட்டின்னுதான் கூப்பிடுவான்.

கோயம்புத்தூர் நானம்மாள் பாட்டியை டிவியில பாத்திருப்பீங்க. 1920ல பிறந்தவங்க, 2018ல பத்மஸ்ரீ வாங்கினாங்க, 2019ல இறந்தாங்க. தொண்ணூறு தாண்டியும் சேலையைக் கட்டிக்கிட்டே ஆசனம் செஞ்சவங்க. எல்லாரும் அவங்க காலை மடக்குறதை வாயைப் பொளந்து பாத்தாங்க. நான் பாத்தது அவங்க ஜாக்கெட்டோட பின்பக்கத்தை. சுருக்கம் இல்லாம உக்காந்திருந்துச்சு. அந்த வயசுல அப்படி ஒரு முதுகை நான் டேப் வச்சு அளந்ததே இல்லை. மூஞ்சி நிறைய சுருக்கம்தான், அதை யாரு பாத்தா?

மூணாவது கை. இதை நீங்களே கண்ணாடி முன்னாடி நின்னு பாத்துக்கலாம். ஜாக்கெட் கையைத் தூக்கி விட்டு, துணிக்கு உள்ள இருந்த தோலையும் வெளிய இருந்த தோலையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. உள்ள இருக்கிறது வழவழன்னு, ஒரே நிறமா, குழந்தைத் தோல் மாதிரி. கீழ, முழங்கைக்கு அப்புறம், கறுத்துப்போய், கோடு கோடா, அங்கங்க புள்ளி. ஒரே உடம்பு, ஒரே வயசு, ஒரே எண்ணெய், ஒரே சாப்பாடு. நடுவுல இருக்கிறது ஒரு துணி மட்டும்தான். வயசுனால வர்றதுன்னு நாம நினைக்கிறதுல வெயில் செய்யுறது எவ்வளவுன்னு இதை விட நல்லா எந்த விளம்பரமும் எனக்குக் காட்டலை.

அமெரிக்காவுல லாரி ஓட்டின ஒருத்தரோட படம் 2012ல ஒரு மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு. 69 வயசு, 28 வருஷம் ஓட்டினவர். அந்த ஊர்ல டிரைவர் இடது பக்கம் உக்காருவாங்க. வலது கன்னம் சாதாரணமா இருக்கு, ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மடிப்பு மடிப்பாத் தொங்குது. கண்ணாடி வெயிலோட சூட்டைத் தடுத்த மாதிரி தெரியும், ஆனா தோலை ஆழமாக் கெடுக்கிற கதிர் கண்ணாடி வழியாவே வந்துடும். என் மிஷின் வருஷக்கணக்கா மேக்குப் பாத்த ஜன்னலுக்குப் பக்கத்துல, வெளிச்சத்துக்காக. எனக்கு மங்கு விழுந்தது வலது கன்னத்துல மட்டும். அந்தப் படத்தைப் பாத்த அன்னைக்கு எந்திரிச்சுப் போய் ஜன்னலுக்குத் திரை தைச்சுப் போட்டேன். பதினஞ்சு வருஷம் லேட்டு.

மங்குன்னு சொன்னதும் என் முட்டாள்தனத்தையும் சொல்லிடுறேன். நாப்பத்தெட்டு வயசுல அதை மறைக்க ஒரு டப்பா கிரீம் வாங்கினேன். எங்க வாங்கினேன்னு சொல்லப் போறதில்லை. டப்பாவுல பேர் இல்லை, என்ன கலந்திருக்குன்னு எழுதலை, "பத்து நாள்ல பாருங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. பத்து நாள்ல நிஜமாவே பளிச்சுன்னு ஆச்சு. வர்றவங்க எல்லாம் கேட்டாங்க, நானும் பெருமையா ரெண்டு பேருக்கு வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாசத்துல கன்னத்துல சிவப்பு நரம்பு, மோவாயில முடி, அடுப்புப் பக்கம் நின்னா எரிச்சல். நிறுத்தினா முன்னை விட மோசமா வெடிக்குது. தோல் டாக்டர் பாத்ததுமே சொல்லிட்டார், ஸ்டீராய்டு கலந்ததுன்னு. தோலை மெலிய வச்சு வர்ற பளபளப்பு அது. சில கிரீம்ல பாதரசம் வேற இருக்கும், அது கிட்னி வரைக்கும் போகும்னார். மூஞ்சி சரியாகுறதுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. நான் வாங்கிக் கொடுத்த ரெண்டு பேர்ல ஒருத்தங்க இப்பவும் என்கிட்ட பேசுறதில்லை.

டை அடிக்கலாமா வேண்டாமான்னு அடுத்த கேள்வி வரும். அடிக்கிறதும் விடுறதும் அவங்கவங்க இஷ்டம், அதுல தத்துவம் பேச எனக்கு ஒண்ணும் இல்லை. நான் அடிக்கிறேன். காதுக்குப் பின்னாடி துளி வச்சு ரெண்டு நாள் பாத்துட்டு அடிங்க. அவ்வளவுதான்.

சாப்பாட்டைப் பத்திக் கொஞ்சம் கோவமாவே எழுதுவேன். நம்ம வீட்ல பொம்பளை கடைசியா சாப்பிடுறா. அப்ப முட்டை தீந்திருக்கும், சுண்டல் பிள்ளைங்க டப்பாவுக்குப் போயிருக்கும், சாதமும் ரசமும் ஊறுகாயும் மிச்சம். அம்பது வயசுல கைத்தசை கரைஞ்சு ஜாக்கெட் கை லூஸா தொங்குறப்ப, "வயசாச்சுல்ல"ன்னு சிரிக்கிறோம். வயசு மட்டுமா ஆச்சு? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்ற கணக்கு, உடம்பு எடை ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். அறுபது கிலோ ஆளுக்கு அம்பது கிராம். ஒரு முட்டையில ஆறு சொச்சம், ஒரு இட்லியில ரெண்டு. ரசத்துல எவ்வளவுன்னு நீங்களே யோசிச்சுக்குங்க. என் நாளை நான் கூட்டிப் பாத்தப்ப முப்பதைக்கூடத் தொடலை. இப்ப காலையில ரெண்டு முட்டை எனக்குன்னு தனியா வேக வச்சு, முதல்ல நான் சாப்பிடுறேன். முதல் வாரம் வீட்ல ஒரு மாதிரி பாத்தாங்க. பழகிட்டாங்க. (கிட்னிக் கோளாறு இருக்கிறவங்க இதை டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க.)

ஆனா சாப்பிட்டா மட்டும் தசை வந்துடாது, அதுக்கு வேலை கொடுக்கணும். "நாள் பூரா வேலை செய்யுறேனே, இன்னும் என்ன எக்சர்சைஸ்?"னு கேப்பாங்க. நானும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். மிஷின்ல குனிஞ்சு பத்து மணி நேரம், அப்புறம் அடுப்படியில குனிஞ்சு மூணு மணி நேரம். எல்லா வேலையும் முன்னாடி வளைஞ்சு செய்யுற வேலை. பின்னாடி இழுக்கிற வேலை ஒண்ணுகூட இல்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு நூத்தம்பது நிமிஷம் வேகமா நடக்கச் சொல்லுது, அதோட வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்கு பலம் சேக்கணும்னும் சொல்லுது. நடக்கிறதைப் பிடிச்சுக்கிட்டோம், இந்த ரெண்டாவதை வசதியா விட்டுட்டோம். அப்படியே கையை வீசி நடந்துட்டு வந்து ரெண்டு போண்டா.

நான் செய்யுறது ரொம்பச் சின்ன வேலை. கடையில அஞ்சு லிட்டர் தண்ணி கேன் ரெண்டு இருக்கு. ஒரு கையை டேபிள்ல ஊனிக்கிட்டு, இன்னொரு கையால கேனை இடுப்பு வரைக்கும் இழுக்கிறது, ஒவ்வொரு கைக்கும் பத்துத் தடவை. சுவத்துல கையை வச்சுத் தள்ளுறது. ஸ்டூல்ல இருந்து கையை ஊனாம எந்திரிச்சு உக்காருறது. பல்லு விளக்குறப்ப ஒத்தைக் கால்ல பத்து எண்ணுற வரைக்கும் நிக்கிறது, பக்கத்துல பேசினைப் பிடிச்சுக்கிற மாதிரி. முதல் நாள் நாலு எண்றதுக்குள்ள சாஞ்சுட்டேன். மதியம் தரையில உக்காந்து சாப்பிடுறேன். முட்டி தேஞ்சவங்க இந்தத் தரையில உக்காருறதை வீம்புக்குச் செய்ய வேண்டாம், எங்க அம்மா அப்படிச் செஞ்சு அவதிப்பட்டாங்க.

தூக்கம். தீபாவளி சமயத்துல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மிஷின் ஓடும். ஒவ்வொரு வருஷமும் என் தீபாவளி போட்டோவை விடப் பொங்கல் போட்டோவுல வயசு குறைஞ்சு இருப்பேன். அமெரிக்காவுல பிரயன் ஜான்சன்னு ஒரு பணக்காரர், வயசைக் குறைக்கிறேன்னு வருஷத்துக்கு இருபது லட்சம் டாலர் செலவு பண்றாராம். அவரும் எல்லாத்துக்கும் மேல நேரத்துக்குத் தூங்குங்கன்னுதான் சொல்றார். அதைக் காசு இல்லாமலே எங்க ஆச்சி சொல்லிட்டாங்க.

பள்ளிக்கூடத்துல பிசிராந்தையார் படிச்சது ஞாபகம் இருக்கா? வருஷம் இத்தனை ஆகியும் உமக்கு எப்படி நரைக்கலைன்னு கேட்டதுக்கு, மனைவி நல்லவ, பிள்ளைங்க நல்லவங்க, வேலைக்காரங்க சொன்ன பேச்சு கேக்குறவங்க, ராஜா அநியாயம் செய்யாதவர், ஊர்ல பெரியவங்க நிறையன்னு பதில் சொன்னார். எண்ணெய் பேரு ஒண்ணுகூடச் சொல்லலை, சந்தோஷம். ஆனா அவருக்கு நரைக்காம பாத்துக்கிட்ட அந்த அம்மாவுக்கு நரைச்சிருந்துச்சான்னு கேக்க ஆள் இல்லாமப் போச்சே, அதுதான் எனக்குக் குறை.

முன் ஊக்குக்கு மாறின டீச்சர் அக்கா ஒருத்தங்க உண்டு. ரிட்டையர் ஆன வருஷம் தோள் இறுகி, தலை வாரக்கூட மகளைக் கூப்பிட்டவங்க. பிசியோதெரபிக்குப் போனாங்க, சொன்ன பயிற்சியை விடாம ரெண்டு வருஷம் செஞ்சாங்க, சுகரையும் கட்டுக்குள்ள கொண்டு வந்தாங்க. போன ஆடியில ஒரு பட்டு ஜாக்கெட் துணியோட வந்து, நான் டேப் எடுக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கொண்டு போய்க் கோத்துக் காட்டினாங்க. வயசு அறுபத்தொண்ணு. நோட்டுல "முன் ஊக்கு"ங்கிறதை அடிச்சுட்டு, "பின் ஊக்கு"ன்னு எழுதினேன். ஜாக்கெட் கைச் சுற்றளவையும் அரை இஞ்ச் கூட்டி எழுதச் சொன்னாங்க. கொழுப்பான்னு கேட்டேன். "தசைடி"ன்னாங்க.