பெயர் அவருடையது, வழக்கு மட்டும் எட்டு வருஷம்

நிசான் டாட் காம் என்ற இணைய முகவரி யாருடையது என்று கேட்டால், கார் கம்பெனியுடையதுதானே என்போம். இல்லை. அமெரிக்காவில் வட கரோலினாவின் ராலே நகரில் கணினி வியாபாரம் செய்த ஊஸி நிசான் 1994-லேயே அதைப் பதிந்துவிட்டார். நிசான் அவருடைய குடும்பப் பெயர். 1980-ல் அதே பெயரில் கார் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அப்போது ஜப்பான் கம்பெனி அங்கே டாட்சன் என்றுதான் கார் விற்றுக்கொண்டிருந்தது.

1999 டிசம்பரில் கம்பெனி 1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அவர் பக்கமும் ஒரு சறுக்கல் உண்டு. அந்த வருஷம் தளத்தில் கார் சம்பந்தமான விளம்பரங்களைப் போட்டார். வருகிறவர்கள் குழம்புவார்கள் என்று நீதிமன்றம் சொன்னது நியாயமே. ஆனால் கம்பெனியைப் பற்றிக் குறை எழுதவே கூடாது என்று போட்ட தடையை 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. கடைசியில் டொமைன், அதாவது அந்த இணைய முகவரி, அவரிடமே தங்கியது. 2020-ல் கொரோனாவில் இறக்கும்வரை விட்டுக்கொடுக்கவில்லை மனுஷன்.

அதற்காக டிரேட்மார்க் சட்டமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அடுத்தவன் பெயரை முந்திப் பதிந்துவைத்துப் பேரம் பேசுகிறவர்கள் ஏராளம். நம்ம சென்னை இணையச் சேவைக் கம்பெனி சிஃபி (Sify) தொடுத்த வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிஃபி என்று ஒரு பெயரை உண்டாக்கி ஊரறியச் செய்தவர்கள் அவர்கள். இன்னொருவர் ஆங்கிலத்தில் நடுவே ஒரு எஃப் கூட்டி, பின்னால் நெட் சேர்த்து சிஃபிநெட் (Siffynet) என்று கடை விரித்தால் சும்மா விட முடியுமா?

என் ஆத்திரம் வேறு இடத்தில். இந்தச் சண்டைகளுக்கு, உலகளவில் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் (ICANN) அமைப்பு 1999-ல் ஒரு நடுவர் முறை கொண்டுவந்தது. பெயர் குழப்பும்படி ஒத்திருக்க வேண்டும், வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இருக்கக் கூடாது, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்தியிருக்க வேண்டும். மூன்றையும் நிரூபித்தால்தான் டொமைன் கை மாறும். நல்ல விதிதான். ஆனால் புகாரே அடாவடி, டொமைனைப் பறிக்கும் முயற்சி என்று நடுவர் கண்டுபிடித்தால்? தீர்ப்பில் அப்படி எழுதிவைப்பார். அவ்வளவுதான். அபராதம் கிடையாது, எதிராளியின் வக்கீல் செலவும் திரும்பாது. சின்னக் கடைக்காரர் ஜெயித்தும் கைக்காசு போகும். பெரிய கம்பெனிக்கோ இது டீச்செலவு.

புகார் கொடுக்கும்போதே ஒரு தொகையைக் கட்டச் சொல்லுங்கள். அடாவடி என்று தீர்ப்பானால் அது எதிராளிக்குப் போகட்டும். அப்புறம் பார்ப்போம், எத்தனை வக்கீல் நோட்டீஸ் பறக்கிறது என்று.