பெரிய தலைகள் போன பிறகு

சூப்பர்ஹீரோ அணிகளின் காமிக்ஸ் தொடர்களில் "இனி எதுவும் பழையபடி இருக்காது" என்று விளம்பரம் செய்யாத வருஷமே இல்லை. அந்த வாக்கை நிஜமாகவே காப்பாற்றிய ஓர் இதழ் சொல்லுங்கள் என்றால் நான் யோசிக்காமல் சொல்வது மார்வெல் நிறுவனத்தின் அவெஞ்சர்ஸ் தொடரில் 16ஆம் இதழ். 1965 மே மாத இதழ். ஸ்டான் லீ எழுதியது, ஓவியர் ஜாக் கிர்பியின் பங்களிப்பும் உண்டு.

ஆரம்பத்தில் ஒரு சண்டை, அது சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம்தான் கதையே. தோர் தன் தேவலோகமான அஸ்கார்டுக்குப் போய்விடுகிறார். அயர்ன்மேன், ஜெயன்ட்-மேன், வாஸ்ப் மூவரும் விலகுகிறார்கள். தொடர் தொடங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அணியைத் தொடங்கியவர்களில் ஒருவர்கூட மிச்சமில்லை. கேப்டன் அமெரிக்கா அந்த நேரத்தில் தென் அமெரிக்கக் காட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறார். அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிவாகிவிடுகிறது. இனி அவர்தான் தலைவர்.

யாருக்குத் தலைவர்? ஹாக்ஐ, அயர்ன்மேனோடு மோதிய முன்னாள் வில்லன். குயிக்சில்வரும் ஸ்கார்லெட் விட்ச்சும் எக்ஸ்-மென் கதைகளின் வில்லன் மேக்னெட்டோவின் கும்பலில் இருந்த அண்ணன் தங்கை. ஹாக்ஐ வேலை கேட்டு வரும் விதம் இருக்கிறதே! அணியின் மாளிகைக்குள் புகுந்து, அங்குள்ள பணியாளர் ஜார்விஸைக் கட்டிப் போட்டுவிட்டு, அந்தக் கயிற்றை அம்பு விட்டே அறுத்துக் காட்டுகிறான். இப்படிப்பட்டவனை அணியில் சேர்ப்பது பெரிய சூதாட்டம் என்று வாசிக்கிறவருக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிடும்.

போன தோருக்கும் அயர்ன்மேனுக்கும் இவர்கள் எந்த விதத்திலும் ஈடு இல்லை. கேடயம், வில், வேகம், எப்போது கைகொடுக்கும் என்று சொல்ல முடியாத ஒரு மந்திர சக்தி. கதை இதை மறைக்கவே இல்லை. அடுத்த இதழிலேயே, முன்பே அணியை விட்டுப் போன ஹல்க்கைத் தேடிக் கிளம்புகிறார்கள், தங்கள் பலம் போதாது என்று தெரிந்துதான். அவர் கிடைப்பதில்லை. சரி, இருப்பதை வைத்துச் சமாளிப்போம் என்று இதழ் இதழாக ஓட்டுகிறார்கள். அதுதான் எனக்கு முக்கியம். இழப்பு உண்மையாக இருந்தால்தான் மாற்றம் உண்மை.

கேப்டன் பாவம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பனியில் உறைந்து, விழித்தபோது தெரிந்த உலகமே இல்லை. அணியை விட்டால் போக்கிடமும் இல்லை. ஹாக்ஐயோ அவர் எதைச் சொன்னாலும் மல்லுக்கு நிற்கிறான். கடைசியில் அவரே வெறுத்துப்போய் விலகி, குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்கிறார். அப்போதுதான் மற்ற மூவருக்கும் அவர் அருமை தெரிகிறது. தோர் இருந்த அணியில் இந்தக் கதைக்கு இடமே இருந்திருக்காது.

இதே வேலையை மார்வெலின் போட்டி நிறுவனமான டிசி 1984இல் செய்து பார்த்தது. அதன் சூப்பர்ஹீரோ அணியான ஜஸ்டிஸ் லீக்கை அக்வாமேன் கலைக்கிறார். முழு நேரமும் உழைக்கிறவர்கள் மட்டும் வாருங்கள் என்கிறார். விக்சன், வைப், ஸ்டீல், ஜிப்சி என்று புதியவர்கள், இடம் டெட்ராய்ட். யோசனை அருமை. விக்சன் இன்றும் எனக்குப் பிடித்த பாத்திரம். ஆனால் முழு நேரம் கேட்ட அக்வாமேனே கொஞ்ச காலத்தில் கிளம்பிவிட்டார், பேட்மேனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், வைப்பைக் கொன்றார்கள், 1987இல் 261ஆம் இதழோடு தொடரையே நிறுத்தினார்கள். புதியவர்கள் மோசம் என்று இன்றும் பலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அவர்களை நம்பிக் கதையை ஒப்படைக்கும் தைரியம் கடைசிவரை அங்கே வரவில்லை.

இப்போது வரும் தொடர்களில் பழைய ஆள் போகும்போதே எந்த மாதம் திரும்புவார் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. வாசகன் எதற்கு வருத்தப்பட வேண்டும்? புதியவர்மேல் எதற்குப் பாசம் வைக்க வேண்டும்?

அவெஞ்சர்ஸ் படிக்க எங்கே தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு: 16இல் தொடங்கி 28 வரை ஒரே மூச்சாகப் படியுங்கள். ஜெயன்ட்-மேனும் வாஸ்ப்பும் திரும்பி வருவதற்குள் இந்த நால்வரும் உங்கள் ஆட்களாகியிருப்பார்கள்.